ஒண்டும் செய்யாதை

அந்தப் போத்தலை வாங்காதேங்கோ பிள்ளை. முன்பின் தெரியாத ஆள் இப்பிடிச் சொல்லுறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஃபோனிலை தமிழ் கதைச்சது காதிலை விழுந்தது. இந்தத் தீவிலை தமிழ் கேட்டு எத்தினை மாசமாச்சு. சென்னையோ? ம், நினைச்சனான். இந்த வாங்கிலை இருங்கோ. கப்பல் இப்ப வராது. கடலைப் பாருங்கோ, வெள்ளை வெள்ளையாய் நுரை தெரியுதெல்லே, உது கொஞ்சம் அடங்கினால்தான் துறைமுகத்துக்குள்ளை விடுவினம். ஒரு மணித்தியாலமும் ஆகும், ரெண்டும் ஆகும்.

லேபிளிலை கழுதையும் கடலும் வடிவாய்த்தான் கீறியிருக்கு. உள்ளுக்கை இருக்கிறது கப்பலுக்கு வாற ஆக்களுக்கு விக்கிற சாமான். உங்கடை ஹோட்டலுக்கு வைன் தெரிவு செய்யத்தானே வந்தனீங்கள்? அப்ப சரியான ஆளிட்டைத்தான் அகப்பட்டிருக்கிறியள். என்ரை பேர் இரத்தினசபாபதி. இஞ்சை ஒருத்தரும் அவ்வளவு நீளத்துக்குச் சொல்லமாட்டினம், சபா எண்டுதான் கூப்பிடுறவை. ஊர் யாழ்ப்பாணம், உரும்பிராய். பலெர்மோவிலை பத்து வருசம் வீடு துடைச்சனான், இந்தத் தீவுக்கு வந்து பதினொரு வருசம். அதிலை முதல் எட்டு வருசம் நீனோ எண்டொரு கிழவனோடை வைன் தோட்டத்திலை நிண்டனான்.

இல்லை பிள்ளை, நான் குடிக்கிறேல்லை. ஒரு துளியும் இல்லை. சைவம் எண்டது ஒரு பக்கம், குடிச்சுக் கெட்ட ஒரு தமையனைப் பார்த்தது மற்றப் பக்கம். வேலைக்கு வந்த முதல் நாள் நீனோ சின்னக் கிளாசிலை ஊத்தித் தந்தவர். நான் கும்பிட்டுட்டுத் திருப்பி வைச்சிட்டன். அவர் சிரிச்சுப்போட்டுச் சொன்னார், "அப்ப உன்னை நம்பி நிலவறைத் திறப்பைத் தரலாம்." அண்டைக்கே சாவியைத் தந்தவர். ஆனால் குடிக்காட்டிலும் வைனைப் பற்றிச் சொல்லுவன். வாற விருந்தாளியளுக்கு எட்டு வருசம் இத்தாலியனிலை நான்தானே விளக்கம் சொன்னனான்.

முதல் இடத்தைச் சொல்லுறன், எழுதுங்கோ. பாந்தெல்லெரியா. இத்தாலிக்குச் சொந்தம், ஆனால் மப்பு மந்தாரம் இல்லாத நாளிலை அந்தப் பக்கம் துனீசியாக் கரை தெரியும். எரிமலை கக்கின கறுத்தக் கல்லு. ஆறில்லை, குளம் எண்டு ஒண்டு இருக்கு, அது குளிக்கிறதுக்குத்தான். குடிக்க ஏலாது. இஞ்சை ராசா ஆரெண்டால் காத்து. வருசத்திலை முக்கால்வாசி நாள் அடிச்சபடி நிக்கும். அதுக்குப் பயந்து எல்லாம் குனிஞ்சுதான் வளருது. கொடியைப் பார்த்தியளோ? இல்லையோ? முழங்கால் உயரம்தான். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குழி வெட்டி, அந்தக் குழிக்குள்ளை கோழி அடைகிடக்கிற மாதிரி இருக்கும். யுனெஸ்கோக்காரர் இந்தக் கொடி வளர்க்கிற முறையைத் தங்கடை பட்டியலிலை போட்டிருக்கினம். தோடை மரமெண்டால், உங்கடை ஆரஞ்சுதான், அதைச் சுத்தி வட்டமாய் மதில் கட்டுவினம், ஒரு மரத்துக்கு ஒரு கோட்டை.

பழத்துக்குப் பேர் சிபிப்போ. அராபியர் வைச்ச பேராம், காய்ஞ்ச பழம் எண்டு அர்த்தமாம். நீங்கள் திராட்சை எண்டுவியள், நாங்கள் முந்திரிகைப்பழம் எண்டுறது. அதிலை மூண்டு விதமாய் வைன் செய்யினம். இனிப்பில்லாத வெள்ளை வைன் ஒண்டு, மீனோடை குடிக்க. மொஸ்காத்தோ எண்டு ஒண்டு, மெல்லிய இனிப்பு. மூண்டாவதுதான் பெரியாள், பசீத்தோ. ஆவணி மாசம் முதல் பழத்தை வெட்டி, காத்துக்கு மறைவாய்க் கல்லுத் தளத்திலை பரவி, மூண்டு கிழமை வெய்யிலிலை காயவைக்கிறது. பகலிலை ஒவ்வொரு குலையாய்ப் பிரட்டோணும். பிறகு புரட்டாதியிலை மிச்சப் பழத்தைப் பிழிஞ்சு, அந்தச் சாறு நுரைக்கத் தொடங்கேக்கை, காய்ஞ்ச பழத்தைக் காம்பு கிள்ளிக் கிள்ளி உள்ளுக்கை போடுறது. எல்லாம் கையாலை. பேரீச்சம்பழம், தேன், கடல் உப்பு, எல்லாம் ஒண்டாய் வரும் எண்டு நீனோ சொல்லுவார். நான் அதைத்தான் எல்லாருக்கும் சொல்லுறது. மணத்தை வைச்சுப் பார்த்தால் உண்மை மாதிரித்தான் இருக்கும்.

எதை வாங்குறது எண்டு கேட்டியள். மூண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வரட்சி வருசம் வந்தது. அந்த வருசத்துப் பசீத்தோவைத் தேடி வாங்குங்கோ. தீவு முழுக்க அந்த வருசத்து வைன் திறமெண்டு கதை. எங்களுக்குப் பக்கத்துத் தோட்டக்காரன் தோத்தோ, அவன்ரை அந்த வருசத்துப் போத்தலுக்கு இப்பவும் மிலானிலை இருந்து ஆள் வருது. அது அவன்ரை அதிர்ஷ்டம். விலாசம் எழுதித் தாறன்.

எங்கடை போத்தலோ?

சொல்லுறன். கப்பல் வரேல்லைத்தானே.

அந்த வருசம் பங்குனிக்குப் பிறகு மழையில்லை. நீனோவுக்கு எண்பத்தொண்டு வயசு. மனிசி செத்துக் கனகாலம். ஒரே மகள் ரொசெத்தா, மிலானிலை. அவ அந்தச் சித்திரையிலை வந்து மேசையிலை வைச்சு நேரடியாய்ச் சொன்னவ. "அப்பா, உங்களுக்கு இனி ஏலாது. வீட்டையும் தோட்டத்தையும் கேட்டு ஒருத்தர் நிக்கிறார், விடுமுறைக்கு வந்து இருக்க வீடு தேடுறாராம்." நீனோ பாணைப் பிய்ச்சுச் சாப்பிட்டபடி சொன்னார், "இந்த வருசத்து வைனைப் பார். திராப்பானி வியாபாரி வருவான். அவன் எப்பவும்போல எடுத்தால் தோட்டத்தை சபா பார்ப்பான், நான் கதிரையிலை இருப்பன். எடுக்காட்டில் வித்துப்போடு." ரொசெத்தா என்னைப் பார்த்தவ. நான் தலையாட்டினனான். அவவும் ஓம் எண்டவ. அவ்வளவுதான் பேச்சு. எழுத்து ஒண்டும் இல்லை. ஆனால் அண்டையிலை இருந்து எனக்கு நித்திரையிலையும் அந்த முன்னூறு கொடிதான். கண்டியளோ, என்ரை வாழ்க்கையிலை ஒருத்தரும் ஒரு நிலத்தைக் காட்டி, இதைச் சபா பார்ப்பான் எண்டு சொன்னதில்லை.

ஆடி மாசம் நீனோ படியிலை தடக்கி விழுந்திட்டார். இடுப்பெலும்பு. ஹெலிகொப்டர் வந்துதான் இந்தக் கப்பல் போற ஊர், திராப்பானி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. ஏத்தேக்கை என்ரை மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர், "சபா, ஒண்டும் செய்யாதை. பார்த்துக்கொண்டு மட்டும் இரு."

நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. ஒரு தோட்டக்காரனுக்குச் சொல்லுற சொல்லோ அது? எங்கடை ஐயா, என்னைப் பெத்த தகப்பன், ஊரிலை முந்திரிகைப் பந்தல் வைச்சிருந்தவர். பந்தல், இப்பிடிக் குழியில்லை, தலைக்கு மேலை. மூண்டு நாளுக்கு ஒருக்கால் தண்ணி இறைச்சே ஆகோணும். விடிய நாலு மணிக்கு மெசின் போட்டு, நான் மண்வெட்டியோடை நிண்டு பாத்தி மாத்துறது. ஒரு நாள் பிந்தினால் ஐயா சாப்பிடமாட்டார். கொடி வாடேக்கை நீ என்னெண்டு சோறு தின்னுவாய் எண்டு கேட்பார். அப்பிடி வளர்ந்த கையைப் பார்த்து, ஒண்டும் செய்யாதை எண்டால்?

எட்டு வருசமும் எனக்கு அது ஒரு மனக்குறைதான். இஞ்சை ஒருத்தரும் கொடிக்குத் தண்ணி விடுறேல்லை. நீனோ பக்கத்திலை நிண்டபடியால் என்ரை கை அடங்கி இருந்தது. அவர் போனாப் பிறகு நானும் கொடியும்தான். காலமை போய்ப் பார்க்கிறன், அடியிலை இலை மஞ்சள். பின்னேரம் பார்க்கிறன், இன்னும் ரெண்டு இலை மஞ்சள். பழம் வத்திக் கடுகு மாதிரி. நான் எழும்பி நிண்டு பார்ப்பன், குந்தி இருந்து பார்ப்பன். பார்க்கிறது மாதிரி ஒரு கஷ்டமான வேலை உலகத்திலை இல்லை பிள்ளை. கல்லு உடைச்சிருக்கிறன், கப்பலிலை மூட்டை தூக்கியிருக்கிறன், அதெல்லாம் வேலையே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னனான், "நீனோ, இலை மஞ்சளாய்ப் போகுது." அவர், "மஞ்சளாய்ப் போகட்டும்" எண்டார். "பழம் வளரேல்லை." "வளரவேண்டாம். தாகத்திலைதான் அது இனிக்கும்." நான் நினைச்சன், காய்ச்சலிலை பிசத்துறார் எண்டு. ஆருக்குத்தான் தாகம் இனிச்சது?

இஞ்சத்தை வீடுகளைக் கவனிச்சியளோ? கல்லு வீடு, மேலை வெள்ளையாய்க் கவிழ்த்துவிட்ட சட்டி மாதிரிக் கூரை. வடிவுக்கு இல்லை. மாரியிலை பெய்யிற மழை அந்தக் கூரையாலை வழிஞ்சு நிலத்துக்குக் கீழை தொட்டிக்குப் போகும். வருசம் முழுக்க ஒரு குடும்பம் குடிக்க, சமைக்க, குளிக்க அதுதான். நீனோ முகம் கழுவின தண்ணியாலை தரை துடைக்கிற ஆள்.

அந்தத் தொட்டியைத்தான் திறந்தனான்.

மத்தியானம் சாப்பிட்டால் இஞ்சை எல்லாரும் படுத்திடுவினம். நாயும் குரைக்காது. அந்த நேரம் பார்த்து வாளியாலை அள்ளி அள்ளி ஊத்தினன். ஒரு கொடிக்கு ஒரு வாளி. குழியெல்லே, ஒரு சொட்டும் வெளியிலை போகாது. எங்கடை ஊர்ப் பாத்தியை விட அருமையாய்ப் பிடிக்கும். நாளுக்கு அம்பது கொடி, ஒரு சுத்துக்கு ஆறு நாள். ரெண்டு சுத்து ஊத்தினன். கடைசி நாள் வாளி போய்க் கல்லிலை உரஞ்சின சத்தம் கேட்டது. அதுக்கும் நான் பயப்படேல்லை. உண்மையைச் சொல்லுறன், அந்தப் பன்ரெண்டு நாளும் நான் நல்லாய் நித்திரை கொண்டனான்.

தோத்தோ ஒரு நாள் மதிலுக்கு மேலாலை எட்டிப் பார்த்தவன். நான் வாளியோடை நிக்கிறன். தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுபோட்டுப் போட்டான். அவன் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? அதைத்தான் நான் இப்பவும் கேட்கிறன்.

ஒரு கிழமையிலை பழம் ஊதி வந்தது பிள்ளை. பளபளவெண்டு, தோல் மினுங்க மினுங்க. இலையும் பச்சை. நான் படம் எடுத்து ரொசெத்தாவுக்கு அனுப்பினன். அவ சிவப்பு இதயம் ரெண்டு போட்டு அனுப்பினவ. அவ அந்தப் படத்தை ஆஸ்பத்திரியிலை தகப்பனுக்குக் காட்டியிருக்கிறா. அண்டு பின்னேரம் நீனோ ஃபோன் எடுத்தார். ஒண்டே ஒண்டுதான் கேட்டார். "தொட்டியிலை எவ்வளவு தண்ணி இருக்கு, சபா?"

"இருக்கு" எண்டன்.

"சரி" எண்டார்.

ஆவணியிலை வெட்டித் தளத்திலை பரவினம். தோத்தோவின்ரை தளத்திலை பழம் நாலாம் நாளே சுருங்கத் தொடங்கீட்டுது. எங்கடை பழம் சுருங்கேல்லை, வெடிச்சது. வெடிச்ச இடத்தாலை சாறு வடிய, குளவி வந்தது. குளவி போகப் பூஞ்சணம் வந்தது. நான் பாயைப் போட்டுக்கொண்டு தளத்திலேயே இருந்தன். ஒவ்வொரு பழமாய்ப் பிரட்டினன், ஒவ்வொரு பழமாய்த் துடைச்சன். காலமை நல்லாய் இருந்தது பின்னேரம் நரைச்சுப்போய்க் கிடக்கும். அள்ளி எறிஞ்சன். பாதிக்கு மேலை எறிஞ்சாச்சு. கையிலை துணி, முன்னாலை பழம், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அந்தத் தளத்திலை இருந்து நான் அழுதனான் பிள்ளை. வயசு போன மனிசன் அழுதனான் எண்டு சொல்ல வெட்கம்தான்.

அந்த வருசம் காத்திலையும் ஏதோ ஈரம் இருந்திருக்கோணும். அப்பிடித்தான் நான் நினைக்கிறன்.

புரட்டாதியிலை நீனோ வீட்டுக்கு வந்தார். நாலு கால் ஊண்டுகோல் ஒண்டைப் பிடிச்சு, நேராய்த் தளத்துக்கு வந்து கதிரை கேட்டார். இருந்து பார்த்தார். ஏசுவார் எண்டு நான் நிக்கிறன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லது. ஒரு பழத்தை எடுத்து வாயிலை போட்டார். இன்னொண்டை எடுத்து என்ரை உள்ளங்கையிலை வைச்சு, "சாப்பிடு" எண்டார். சாப்பிட்டன். "எப்பிடி இருக்கு?" "இனிக்குது நீனோ." பொய்யில்லை பிள்ளை. எங்கடை பந்தல் பழம் புளிக்கும், அதோடை பார்த்தால் இது சீனி. அவர் என்ரை முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்ரை கையைத் தட்டிவிட்டு, "ஓம், இனிக்குது" எண்டார்.

வீட்டுக்குள்ளை போய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தவர். மெல்ல மூடிப்போட்டு வந்தவர். அடுத்த நாள் தோத்தோ கழுதையிலை ரெண்டு பீப்பாய் தண்ணி கொண்டுவந்து இறக்கினவன். மழை வரும் வரைக்கும் ஒவ்வொரு கிழமையும் இறக்கினவன்.

இருந்ததை வைச்சு வைன் செய்தம். அடுத்த சித்திரையிலை திராப்பானி வியாபாரி வந்தான். ரொசெத்தாவும் வந்து நிண்டவ. நீனோ தன்ரை கையாலை ஊத்தினார். வியாபாரி மணந்து பார்த்தான், வாயிலை வைச்சான், கிளாசை மெல்ல மேசையிலை வைச்சான். இருபது வருசமாய் அந்த வீட்டு வைனை எடுத்த மனிசன். "நீனோ, இது தண்ணி மாதிரிக் கிடக்கு. என்ன நடந்தது?" எண்டு கேட்டான்.

நான் கதவடியிலை நிண்டனான்.

நீனோ சொன்னார், "நான் கிழவனாகீட்டன். ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் தண்ணி விடச்சொல்லிப் பொடியனுக்குச் சொன்னனான். என்ரை மூளை அப்ப சரியில்லை."

பொடியன் எண்டது என்னை. எனக்கு அம்பத்திமூண்டு வயசு அப்ப.

நான் சொல்லியிருக்கலாம். நீங்கள் நினைக்கிறது விளங்குது. என்ரை இத்தாலியன் அவ்வளவு போதாது பிள்ளை. அப்பிடியான விசயங்களைக் கதைக்கிறதுக்குப் போதாது. அதுக்குள்ளை ரொசெத்தா தகப்பன்ரை தோளிலை கையை வைச்சு, "காணும் அப்பா, இனிப் போதும்" எண்டு சொல்லிப்போட்டா. அவவுக்கு முதலே விக்கிற எண்ணம்தான். மிலானிலை இருக்கிற ஆக்களுக்கு நிலம் எண்டால் என்ன தெரியும்?

இப்ப அதிலை பெரிய வீடு, வெளிநாட்டுக்காரர் வருசத்துக்கு ரெண்டு மாசம் வந்து நிக்கினம். தளம் இருந்த இடத்திலை நீச்சல் குளம். கொடியெல்லாத்தையும் மெசின் போட்டுக் கிளப்பிப்போட்டுப் புல்லு விரிச்சிருக்கினம். நான் அங்கைதான் வேலை. காலமையும் பின்னேரமும் புல்லுக்குத் தண்ணி. குளத்துக்குத் தண்ணி. பவுசர் லொறியிலை கொண்டுவந்து நிரப்புவினம், கணக்கில்லை. விரும்பின அளவுக்கு ஊத்து எண்டு வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நானும் ஊத்துறன்.

நீனோ திராப்பானியிலை முதியோர் இல்லத்திலை. கொடி கிளப்பினது அவருக்குத் தெரியாது. மகள் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. வீடுதான் வித்தது, கொடி அப்பிடியே நிக்குது, சபா பார்க்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை வியாழக்கிழமை ஃபோன் எடுப்பார். பின்னேரம் நாலு மணிக்கு. அந்த நேரம் என்ரை கையிலை தண்ணிக் குழாய் இருக்கும். "சபா, என்ன செய்யிறாய்?" எண்டு கேட்பார். நான் குழாயை மடிச்சுப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவன், "ஒண்டும் செய்யேல்லை நீனோ. பார்த்துக்கொண்டிருக்கிறன்." அவருக்கு அது காணும். சிரிப்பார்.

போன கிழமை அவர் ஃபோன் எடுக்கேல்லை. அங்கை வேலை செய்யிற பெட்டை எடுத்தவ. சாப்பாடு குறைஞ்சு போச்சாம். சபா செய்த வைன் ஒரு போத்தல் வேணும் எண்டு கேட்கிறாராம். நல்ல வருசத்துப் போத்தல் என்னட்டை ரெண்டு இருக்கு, அதை அனுப்பவோ எண்டு கேட்டன். இல்லையாம். அந்த வருசத்துப் போத்தல்தான் வேணுமாம்.

இந்தப் பைக்குள்ளை இருக்கிறது அதுதான்.

மூண்டு நாளாய்க் கொண்டுவந்து இந்த வாங்கிலை இருந்திட்டுத் திருப்பிக் கொண்டு போறன். கப்பலிலை ஏறுறதுக்கு எனக்கு லீவு இல்லை எண்டு சொல்லலாம். லீவு தருவினம் பிள்ளை, கேட்டால் தருவினம். எனக்கு அந்த அறைக்குள்ளை போக ஏலாது. அவர் முகத்தைப் பார்த்து, கொடி நிக்குது எண்டு என்னாலை சொல்ல ஏலாது. ஃபோனிலை சொல்லலாம். முகத்தைப் பார்த்து ஏலாது. என்னை மன்னியுங்கோ எண்டு சொல்லவும் ஏலாது, அதுக்கு அவர் சபா என்ன பிழை செய்தவன் எண்டு கேட்பார். அப்பிடித்தான் கேட்பார், எனக்குத் தெரியும்.

அதோ கப்பல் தெரியுது. நுரை குறைஞ்சிட்டுது, பார்த்தியளோ.

நீங்கள் திராப்பானிக்குத்தானே போறியள். துறைமுகத்திலை இறங்கினால் நடக்கிற தூரம்தான், விலாசம் எழுதி வைச்சிருக்கிறன், தோத்தோவின்ரை விலாசமும் இதிலேயே இருக்கு. போத்தலைக் குடுங்கோ. சபாவின்ரை ஊர்ப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ, அது போதும், சென்னையும் யாழ்ப்பாணமும் அவருக்கு ஒண்டுதான். ஊத்தித் தந்தால் வாங்கிக் குடியுங்கோ. என்னை மாதிரிக் கும்பிட்டுத் திருப்பி வைக்காதேங்கோ.

அவர் தோட்டத்தைப் பற்றிக் கேட்பார். உங்களுக்கு இத்தாலியன் தெரியாது, பரவாயில்லை, ஒரு சொல்லுச் சொல்லித் தாறன். ஜால்லே. எங்கை, சொல்லுங்கோ பார்ப்பம். ஜால்லே. ஓம், சரியாய் வருது. மஞ்சள் எண்டு அர்த்தம். தோட்டத்தை நேரிலை பார்த்தனான் எண்டு கண்ணைத் தொட்டுக் காட்டுங்கோ. பிறகு ஜால்லே எண்டு சொல்லுங்கோ. இலையெல்லாம் மஞ்சளாய்க் கிடக்கு, சபா ஒரு வாளி தண்ணியும் விடேல்லை எண்டு அவருக்கு விளங்கும்.